தொடாமல் கேட்ட சிஸ்டர்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதற்கு மேலே நான் படித்ததெல்லாம் லோரியில் ஏற்றுகிற சாக்குகளின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளைத்தான். இன்றைக்குக் கிள்ளானில் என் பெயர் எழுதிய லோரிகள் பதினொன்று ஓடுகின்றன. வங்கி மானேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். கோயில் திருவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். இப்படிப்பட்ட என்னைப் பார்த்து 'வாயை மூடும்' என்று சொன்ன ஆள் ஒரே ஒருத்தர்தான். நானும் மூடிக்கொண்டேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயர் எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் கூப்பிட்ட மாதிரி சிஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் நரம்பு நோயாளிகளின் வார்டைப் பார்த்துக்கொண்டு இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. சிஸ்டர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லி உடம்பு, நூல் சேலை, வலது கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். சிரித்து நான் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம் நடக்கும். முதுகுத்தண்டு, மூளை, நரம்பு, இதில் எது கெட்டிருந்தாலும் வரலாம். டாக்டர்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்வார்கள். எல்லாரும் கூலி வாங்காமல் வருகிறவர்கள். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் சிஸ்டரின் பெஞ்சைத் தாண்ட வேண்டும். அவர் கையில் பஞ்சு உருண்டை ஒன்று, சட்டை ஊசி ஒன்று, ஒரு பழைய துண்டு. அவ்வளவுதான் சாமான்.

நான் முதல் தடவை போனபோது எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டர் துண்டால் பெரியவரின் கண்ணை மறைத்தார். பஞ்சைத் திரித்து அந்த நுனியால் புறங்கையைத் தொட்டார்.

"தெரியுதோ?"

"தெரியுதுங்கம்மா."

முழங்கையில் தொட்டார். "தெரியுதோ?"

"தெரியுதுங்கம்மா."

அடுத்து சிஸ்டர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஞ்சும் மடியில்.

"இப்ப தெரியுதோ?"

"தெரியுதுங்கம்மா. இப்பதான் ரொம்ப நல்லா தெரியுது."

மனைவிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சிஸ்டர், போன மாசத்துக்கு இப்ப எவ்வளவோ தேவலை லா."

சிஸ்டர் மடியில் இருந்த கையைத் தூக்கி அந்த அம்மாளிடம் காட்டினார். பிறகு சீட்டில் எதையோ எழுதி டாக்டரிடம் அனுப்பிவிட்டு, "அடுத்த ஆள்" என்றார். அந்த அம்மாள் போகிற வழியில் கணவனின் கண்ணிலிருந்து துண்டை எடுக்க மறந்துவிட்டார். அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சிஸ்டர்தான் துண்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கு அப்போதே கோபம் வந்தது. கிழவன் ஆசைக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிட்டது?

நம்ம ஜனங்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. தோட்டத்தில் துரை கேட்டால், கிராணி கேட்டால், மருந்து கொடுக்கிற டிரசர் கேட்டால், எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க' என்று சொல்லியே மூன்று தலைமுறை ஓட்டினவர்கள். படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வந்து ஓசியில் பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத் 'தெரியலீங்க' என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். வைத்தியம் பலிக்கவில்லை என்று டாக்டரையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். சிஸ்டருக்கு இது தெரியும். அதனால்தான் தொடாமல் கேட்பார். ஒவ்வொரு ஆளிடமும் ஒரு தடவையாவது கேட்பார். முகாமில் அவருக்கு 'தொடாத சிஸ்டர்' என்று பெயரே உண்டு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு நான் போனது என் தம்பிக்காக.

அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என்னிடம் அப்போது இரண்டே லோரி. ஒன்றை நான் ஓட்டினேன், தம்பி கெலிண்டான். லோரியில் கூடப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கிக் கயிறு கட்டுகிற ஆளை அப்படித்தான் சொல்வோம். துறைமுகத்துக் கிடங்கு வாசலில் அரிசி மூட்டை ஏற்றி, மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தது. பின்பக்கமாக சிமெண்டுத் தரையில் விழுந்தான்.

நான் அந்தக் காலத்தில் இரண்டு மூட்டையை ஒரே நேரத்தில் தூக்குவேன். துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் சொல்வார்கள். ஓடிப்போய் அவனை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டே ஓடினேன். சீனன், மலாய்க்காரன், நம்ம ஆள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எவனோ ஒருத்தன் 'ஆம்புலன்ஸ் வரட்டும்' என்றான். "என் தம்பிக்கு எவன்டா ஆம்புலன்ஸ்!" என்று கத்தினேன். முதலில் எலும்பு உருவிவிடுகிற ஒருத்தரிடம் கொண்டுபோனேன். அவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுநாள்தான் ஆஸ்பத்திரி. நாலு மாதம் கழித்து, இடுப்புக்குக் கீழே ஆடாமல் அசையாமல் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முகாமில் அவனைப் பெஞ்சில் படுக்கவைத்தோம். சிஸ்டர் கண்ணை மறைத்துவிட்டு மார்பில் தொட்டார். தெரிந்தது. தொப்புளுக்கு மேலே தொட்டார். தெரிந்தது. கீழே போகப் போக அவன் பதில் தாமதமானது. கடைசியில் அவர் கை மடியில் இருந்தது.

"தெரியுதோ?"

தம்பி ஒரு நிமிஷம் யோசித்தான். "தெரியுதுங்க. கட்டை விரல்ல."

நான் கை தட்டிவிட்டேன். வெட்கம் கெட்ட மாதிரி, ஜனங்கள் நடுவில், கை தட்டினேன்.

"சொல்லிட்டான் பாருங்க! தெரியுதுன்னு சொல்லிட்டான்!"

"ஓம். சொன்னவர்தான்," என்றார் சிஸ்டர். "நான் தொடேல்லை."

அவ்வளவுதான். தம்பி துண்டுக்கு அடியில் சிரித்த முகமாகவே இருந்தான். அவன் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். சீனர், நல்ல மனுஷன். எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக என்னென்னவோ சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. எங்கே கொண்டுபோக வேண்டுமானாலும் கொண்டுபோகிறேன், மெட்ராஸா, சிங்கப்பூரா, லோரியை விற்கிறேன் என்று நான் கத்தினேன். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார்.

"லொறியை விக்க வேண்டாம்," என்றார் சிஸ்டர். "எங்க கொண்டுபோனாலும் இந்தக் கால் இனி நடக்காது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேணும். முதுகில புண் வரக்கூடாது. அது வந்தாத்தான் ஆபத்து. அதை நான் சொல்லித் தாறன். ஆர் செய்யப்போறது?"

தம்பி மனைவி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"சரி. நீர் என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு 'நீர்' என்ற சொல்லே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டில் மரியாதையாகப் பேசுகிற பேச்சு அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். "லோரி ஓட்டுறேன். சொந்த லோரி," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப வான் ஓட்டுவீர். எங்களுக்குத் தோட்டங்களுக்குப் போக ஒரு வானும் ஆளும் வேணும். இஞ்ச வர ஏலாத ஆக்கள்தான் அங்க கனபேர் கிடக்கினம்."

இப்படித்தான் நான் தருமத்துக்கு வந்தேன். பத்திரிகையில் என்னைப் பற்றிப் போட்டபோது 'ஏழைகளின் துயர் கண்டு உருகி' என்று எழுதியிருந்தார்கள். அதெல்லாம் இல்லை. அந்த அம்மாள் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும், அவர் பக்கத்திலேயே இருந்து என்றைக்காவது தம்பி காலை ஆட்டுவதை அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் வானை எடுத்தேன்.

எட்டு வருஷம் ஓட்டினேன். முகாம் இல்லாத ஞாயிறுகளில் காப்பார், பந்திங், ராவாங், கம்போங் மேடான் கம்பத்து வீடுகள். சிஸ்டர் முன்சீட்டில் பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருப்பார். நான் பேசிக்கொண்டே வருவேன், எப்படி முன்னுக்கு வந்தேன், யார் யாரை எப்படி மடக்கினேன் என்று. "ஓம், ஓம்" என்பார். ஒரு தடவை, "போன கிழமை சொன்னபோது மூண்டு பேரை அடிச்சனீர். இந்தக் கிழமை அஞ்சு பேர்," என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

நோயாளி வீட்டில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். மூத்திரத் துணி நாற்றம், புண் நாற்றம் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். அவரே கழுவுவார். ஆனால் 'சரியாகிவிடும்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது.

கம்போங் மேடானில் ஒரு பெண்பிள்ளை. கணவன் கட்டட வேலையில் தலையில் அடிபட்டுக் கண் திறந்தபடி கிடந்தான். பேச்சு மூச்சு கிடையாது. அவள் கோழி ரசம் வைத்துக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், நேத்து என்னைப் பாத்து சிரிச்சாரு. நெசமா. இன்னும் ஒரு வருசத்துல எழுந்திருச்சிருவாரில்ல?" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "கண்டிப்பா எழுந்திருவாரும்மா, கவலைப்ப—"

"நீர் வாயை மூடும்," என்றார் சிஸ்டர்.

வானில் ஏறியதும் கேட்டேன். "ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய் கோணிடுமா சிஸ்டர்?"

"நீர் சொல்லிட்டு வானை எடுத்துக்கொண்டு போயிடுவீர். அந்தப் பொம்பிளை அதை வச்சுக்கொண்டு ஒரு வருசம் இருக்க வேணும். வருசம் முடிஞ்ச அண்டைக்கு நீர் வந்து பக்கத்தில இருப்பீரோ?"

நான் கியரை மாற்றினேன். வேறென்ன செய்வது?

தோட்டங்களில் சிஸ்டர் இன்னொரு வேலையும் வைத்திருந்தார். நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் பந்துத் திடலில் ஆட்களைக் கூட்டுவார். மரத்திலிருந்தோ லோரியிலிருந்தோ ஒருத்தன் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவார். காட்டுவதற்கு விழுந்தவன் ஒருத்தன் வேண்டுமே. "டிரைவர், நீர் படும். நீர்தான் இஞ்ச பாரமான ஆள்," என்றார் முதல் நாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே புல்லில் மல்லாக்கப் படுத்தேன்.

"இவர் விழுந்திட்டார். இப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"தூக்குவோம் சிஸ்டர்!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"தூக்கக்கூடாது. தொடவே கூடாது. முதுகெலும்பு உடைஞ்சிருந்தா அந்த முனை கத்தி மாதிரி. உள்ளுக்கு ஓடுறது நரம்பு. விழுந்த உடனை அந்த நரம்பு முழுசா இருக்கலாம். நீங்கள் அன்பில வாரித் தூக்கித் தோளில போடுவீங்கள். உடம்பு வளையும். அப்பதான் கத்தி நரம்பை வெட்டும். விழுந்ததில போகாத கால், தூக்கினதில போயிடும். விளங்குதோ? கழுத்து ஆடாமப் பிடிச்சுக்கொண்டு, கதவுப் பலகையைக் கழட்டிக் கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து கட்டை மாதிரி உருட்டி ஏத்த வேணும். ஆம்புலன்ஸ் வருமெண்டா, அதுவும் வேண்டாம். பேசாமப் பக்கத்தில இருங்கோ."

நான் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். வெயில் நேரே கண்ணில் அடித்தது. நாலு பேர் வந்து என்னைப் பலகையில் உருட்டி ஏற்றினார்கள், திடலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், இறக்கினார்கள். "சரி டிரைவர், எழும்பும்," என்றார் சிஸ்டர். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை.

"அண்ணன் தூங்கிட்டாரு லா!" என்று எவனோ சொன்னான். திடல் முழுவதும் சிரிப்பு.

சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் தம்பியின் கதை முழுவதையும் படித்தவர் அவர். யார் தூக்கினது என்பது அதில் இருந்திருக்காது. அது அன்றைக்கு என் முகத்தில் இருந்திருக்கும்.

வானில் திரும்பும்போது கிள்ளான் பாலம் தெரிந்ததும் ஓரமாக நிறுத்தினேன்.

"சிஸ்டர். நான்தான் தூக்கினேன். தோள்ல போட்டு. கேட் வரைக்கும் ஓடினேன்."

"ம்."

"அதனாலயா?"

சிஸ்டர் சொன்னார்: "இருக்கலாம். விழுந்தபோதே போயிருக்கலாம். நீர் தூக்கினபோதும் போயிருக்கலாம். ஆரும் சொல்ல ஏலாது."

"'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன் சிஸ்டர். உங்களுக்கு என்ன நட்டம்?"

"ஓம். சொல்லலாம்," என்றார். சொல்லவில்லை.

வேறு எந்தப் பெண்பிள்ளையாக இருந்தாலும் சொல்லியிருப்பார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுக்கவில்லை. காத்திருந்தார். பிறகு, "அடுத்த தோட்டத்தில நீர் எழும்பி இதைச் சொல்லும்," என்றார். "நான் சொன்னா, நர்ஸ் சொல்லுறா எண்டு கேட்டிட்டுப் போயிடுவினம். என்ர தம்பியை நானே தூக்கினனான் எண்டு நீர் சொன்னா, சாகும் வரைக்கும் மறக்கமாட்டினம். சொல்லுவீரோ?"

"சொல்றேன் சிஸ்டர்."

அடுத்த தோட்டத்தில் பலகையிலிருந்து இறங்கியதும் சிஸ்டர் கேட்டார், "டிரைவர் ஏதும் சொல்லப்போறாரோ?" எதிரே நாற்பது ஐம்பது ஆண்கள். எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். தோட்டத்தில் பிறந்து லோரி முதலாளி ஆனவன். "நேரமாச்சு சிஸ்டர், கெளம்பலாம்," என்றேன். அதற்கு அடுத்த தோட்டத்திலும் அதே கேள்வி, அதே பதில். எத்தனை வருஷம்! சிஸ்டர் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை, வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு திடலிலும் ஒரே ஒரு தடவை கேட்பார். சத்தம் அதே அளவுதான். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நான் ஏன் சொல்லவில்லை? வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் புரியும். யார் பார்க்க வந்தாலும் தம்பி படுக்கையில் இருந்தபடியே ஆரம்பித்துவிடுவான். "அண்ணன் இல்லேன்னா நான் அங்கேயே செத்திருப்பேன். என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினாரு பாருங்க, துறைமுகமே நின்னு பாத்துச்சு." அவனுக்கு இருந்த ஒரே கதை அது. அதை அவனிடமிருந்து பிடுங்க முடியுமா? அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் லோரிகள் நிற்கிற என் யார்டில் ஆட்களிடமும் அந்தக் கதையை நான்தான் சொன்னேன். தம்பிக்காகவா சொன்னேன்? துறைமுகம் நின்று பார்த்ததைச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ஆறாவது வருஷம் தம்பி இறந்தான். சிறுநீரகம் கெட்டுவிட்டது. சிஸ்டர் வந்தார். அழுகிறவர்களுக்கு நடுவே நின்றுவிட்டு, உடம்பைக் குளிப்பாட்டும்போது உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து தம்பி மனைவியிடம் சொன்னார்: "பிள்ளை, நீர் நல்லாப் பாத்தனீர். ஆறு வருசம். முதுகில ஒரு புண் இல்லை."

ஊரில் யார் யாரோ அவளுக்கு என்னென்னவோ ஆறுதல் சொன்னார்கள். அவள் பிடித்துக்கொண்டது இதைத்தான். பல வருஷம் கழித்தும், "சிஸ்டரே சொன்னாங்க, ஒரு புண்ணு இல்லேன்னு" என்று சொல்வாள். சும்மா சொல்கிறவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி போன பிறகு எனக்குச் சாக்கு இல்லை. அடுத்த தோட்டத்தில் சிஸ்டர் கேட்டார். நேரமாகிவிட்டது என்றேன்.

அதற்குப் பதிலாக நிறையச் செய்தேன். முகாமுக்குச் சக்கர நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தேன். மண்டபத்துக்கு மின்விசிறி போட்டேன். சிஸ்டர் ஒரு நல்ல பலகை செய்து, கட்டுகிற வாரோடு என் யார்டுக்குக் கொடுத்தார். அதில் என் கம்பெனி பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துப் பாராட்டுவார்கள். சிஸ்டர் வந்து பார்த்தார். "இதில ஆணி அடிச்சிருக்கீரே. அவசரத்துக்குக் கழட்ட ஏலுமோ?" என்றார்.

எண்பத்தேழு வாக்கில் சிஸ்டருக்கே வாதம் வந்தது. எந்த நோயை எத்தனை பெஞ்சில் பார்த்தாரோ, அதே நோய். வலது பக்கம் போய்விட்டது. முகாமும் அதோடு மெல்ல நின்றது. பெட்டாலிங் ஜெயாவில் அவருடைய அக்கா மகள் வீட்டில் இருந்தார். நான் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். அந்தப் பெரிய கடிகாரம் இப்போது இடது கையில்.

நான் அவருடைய வலது கையை எடுத்து என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதா சிஸ்டர்?"

"இல்லை," என்றார். குழறினாலும் தெளிவான 'இல்லை'. எட்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு சுலபமாக ஒருத்தர் 'இல்லை' சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்து அறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. புறப்பட எழுந்தேன். சிஸ்டர் இடது கையால் என் சட்டையைப் பிடித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டு தடவை முயற்சி செய்து, "சொன்னீரோ?" என்றார்.

தோட்டத்து ஆட்களிடம். என் ஆட்களிடம். யாரிடமாவது.

"சொல்லிட்டேன் சிஸ்டர். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண் மறைத்த நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே பார்வை. சட்டையை விட்டுவிட்டார். 'ஓம்' என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார். நான் பெரிய மாலை வாங்கிப் போட்டேன். இருந்ததிலேயே பெரிய மாலை அதுதான்.

அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஒரு காலை நேரம். நான் யார்டுக்குப் போய் இறங்கும்போதே கூட்டம். பத்து வருஷமாக என்னிடம் இருந்த கெலிண்டான், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், தார்ப்பாய் கட்டும்போது மேலேயிருந்து விழுந்துவிட்டான். ஆபீஸ் வாசலில் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். லோரி நின்றது யார்டின் அந்தக் கோடியில்.

என் டிரைவர்களில் பலசாலி ஒருத்தன், வேர்த்து வடிய, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். முகமெல்லாம் பெருமை.

"முதலாளி, பயப்படாதீங்க. ஆம்புலன்ஸு கீம்புலன்ஸுன்னு நான் பாக்கவே இல்லை லா. நீங்க உங்க தம்பியைத் தூக்கின மாதிரியே தோள்ல போட்டேன், ஒரே ஓட்டம்!"

மற்றவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். சுவரில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆணியில் யாரோ காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான். முதலாளி வந்திருக்கிறாரே, படுத்திருந்தால் மரியாதையா? "அசையாதடா," என்றேன். என் தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் கண்ணை மறைத்தேன்.

"கால்ல தெரியுதா?"

"தெரியுது முதலாளி," என்றான். "நல்லா தெரியுது. ஒண்ணுமில்லை, சும்மா சறுக்கிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

என் கை இரண்டும் என் மடியில் இருந்தன. அவற்றைத் தூக்கிக் காட்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.